அப்பா இழைத்த சுவர்

அன்பு மகளுக்கு,

சித்தி எழுதுகிறேன். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தவள், உன்னைவிட ஏழெட்டு வயதே மூத்தவள், மகள் என்று எழுதுகிறேனே என்று சிரிக்காதே, கடிதமா என்று கோபிக்கவும் செய்யாதே. போனில் எனக்கு 'சாப்பிட்டியா'வைத் தாண்டி வாய் வராது, உனக்கே தெரியும். இங்கே எல்லோரும் சுகம், நீயும் உன் பத்து விரல்களும் சுகமாக இருக்க வேண்டும்.

பயப்படாமல் படி, அப்பாவுக்கு ஒன்றுமில்லை. லீவுக்கு வரமாட்டேன், வீட்டில் ஏறிப் பழகப் பிடி வைத்த சுவர் இல்லை, மூன்று வாரம் சும்மா இருந்தால் விரலில் பலம் போய்விடும், சுவரேறும் போட்டி வேறு நெருங்குகிறது என்றாயே, மறுநாளே பட்டறையிலிருந்து பிளைவுட் கொண்டுவந்துவிட்டார். உன் அறையில் சட்டம் அடித்து, பலகையைச் சாய்வாக நிறுத்தி, பிடிகளை மரத்திலேயே செதுக்கி போல்ட் போட்டு முடுக்கினார். எல்லாம் நீ அனுப்பிய படத்தில் இருந்த அளவுதான். ஆனால் தச்சர் கை சும்மா இருக்குமா, ஒவ்வொரு பிடியையும் இழைத்துத் தேய்த்து வார்னிஷ் அடித்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவிட்டார். "சொரசொரன்னு விட்டா எம்பொண்ணு விரல் என்னத்துக்கு ஆகும்?" என்றார். பிறகு "என் பல்லிப் பொண்ணுக்கு முன்னாடி அப்பன் ஏறிப் பாக்கறேன்" என்று ஏறியவர், உச்சிப் பிடியில் கை வழுக்கிப் பொத்தென்று மல்லாக்க விழுந்தார். எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு ஆட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் கீறல்கூட இல்லை, வெறும் சதைப்பிடிப்பு என்றார்கள். அப்பாடா என்று அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன், அவரோ "சட்டம் அசையலைல்ல?" என்று கேட்கிறார்.

இப்போது எழுந்து நடக்கிறார், என்னைத் திட்டுகிறார். நான் உப்புத்தாளால் வார்னிஷைச் சுரண்டி எடுக்கிறேனாம், அவருக்குப் பொறுக்கவில்லை. "உங்க வீட்லயே மொதல் டிகிரி வாங்கினவ நீ, செய்யிற வேலையப் பாரு" என்கிறார். பாதிப் பிடிகள் முடிந்தன, விரல் இப்போது நன்றாக ஒட்டுகிறது, நானே தொங்கிப் பார்த்தேன், அவரிடம் சொல்லாதே. கீழே இரண்டு மெத்தை போட்டுவிட்டேன். அங்கே நீயும் மெத்தை இல்லாமல் ஏறாதே, விரல் வலிக்கிற அன்று பிடிவாதம் பிடிக்காதே, நகத்தை ஒட்ட வெட்டு.

நீ கை நீட்டும் இடமெல்லாம் நல்ல பிடி கிடைக்கட்டும்.

உன் நலம் நாடும்,
சித்தி

கையெழுத்துப் போட்ட பிறகுதான் தைரியம் வருகிறது. போன தடவை வந்தபோது நீ அத்தை வீட்டில் தங்கினாய். நான்தான் காரணமோ என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது. சுவரைத் தவிர வேறு காரணம் இருந்தால் அதை என்னிடமே சொல்லிவிடு. இல்லையென்றால் இந்த முறை பெட்டியை அங்கே இறக்காமல் நேராக இங்கே வா.