வலப்பக்கத்தில் உன் பெயர்

மகள் லியூபாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் பேத்தி சோரினாவும் அங்கே இத்தாலியில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், கர்த்தர் காக்கட்டும். இங்கே நானும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை அப்படி எழுத மாட்டேன் என்கிறது. போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் பேசினால் வேலிக்கு அந்தப் பக்கம் உன் அத்தை தோம்னிகா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால் பொட்டலம் கொண்டுவரும் வேன்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன், தனியாக இருந்து படி.

போன சனிக்கிழமை இறந்தவர்களுக்கான பூசை. ரொட்டியும் மெழுகுவத்தியும் பெயர்ச்சீட்டும் கொண்டுபோனேன், இடப்பக்கம் உயிரோடிருப்பவர்கள், வலப்பக்கம் இறந்தவர்கள், வருஷாவருஷம் நான் எழுதுவதுதானே. சாமியார் வாசித்துக்கொண்டே வந்தவர் உன் அப்பா தனாசே பெயரைச் சொல்லி உடம்பு சுகத்துக்கு வேண்டினார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து அந்த மனுஷன் போய் ஆறு வருஷம் ஆயிற்று. சனங்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அப்புறம் இறந்தவர்கள் வரிசையில் லியூபோவ் என்று உன் ஞானஸ்நானப் பெயர். பக்கத்தில் நின்ற மரியோரா என் தோளைக் கட்டிக்கொண்டு, ஐயோ அகாஃபியா, எப்படிடி போனா, போன வாரம்கூட போட்டோ அனுப்பிச்சாளே என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். உன் வாயில மண்ணு விழ, என் மக குத்துக்கல்லாட்டம் இருக்கா என்று கத்தினேன். இது தோம்னிகா வேலை என்றும் கத்தினேன். என் கல்யாணத்தன்று பொண்ணுக்குக் கை குட்டை, களி கிண்டவே எட்டாது என்று சொன்னவள், உன் அப்பா செத்த ஒன்பதாம் நாள் அவருடைய ஆட்டுத்தோல் கோட்டைத் தூக்கிக்கொண்டு போனவள், வேறு யார் செய்வார்கள். அவள் சாமியாரிடம் சீட்டை வாங்கி என் கண்ணுக்கு நேரே நீட்டி, நல்லா பாரு அண்ணி, ஊர்ல இன்னும் பழைய ருஷ்ய எழுத்துல எழுதறவ நீ ஒருத்திதான் என்றாள். என் எழுத்துதான் லியூபா. நாலாம் வகுப்போடு நின்ற அதே கோணல் எழுத்து. எழுதினது துளியும் ஞாபகம் இல்லை. அவள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் தலையைப் படமெடுத்தார்கள். வெள்ளை வெள்ளையாகத் திட்டு. வருஷக்கணக்காகப் பிரஷர் ஏறியே இருந்ததில் மூளைக்குள் ஓடும் மயிரிழைக் குழாய்கள் தடித்து இறுகிவிட்டதாம், ரத்தம் போதாத இடம்தான் அந்த வெள்ளையாம். திராட்சைத் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய்ல உப்பு படிஞ்சா கடைசிக் கொடி வாடும்ல பாட்டி, அப்படித்தான் என்றாள் அந்த டாக்டர் பெண். மாத்திரை சாப்பிட்டீங்களா என்று கேட்டதற்கு, தலை சுத்துற அன்னிக்குச் சாப்பிட்டேன் என்றேன். பிரஷர் என்ன விருந்தாளியா, கதவைத் தட்டிட்டு வர்றதுக்கு என்று திட்டினாள். உன் அப்பாவை மாத்திரைக்காக நான் எத்தனை திட்டினேன், அதே தப்பை நானும் செய்தேன் பார். வாடினது தளிர்க்காது, மிச்சத்தைக் காப்பாத்தலாம், தினமும் மாத்திரை, உப்பைக் குறைங்க, நடங்க என்றாள். நடப்பது எங்கே, கால் தரையைவிட்டு எழும்ப மாட்டேன் என்கிறது, இழுத்து இழுத்து நடக்கிறேன். உப்புக்கட்டி, பன்றிக்கொழுப்பு, ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் தோம்னிகா தூக்கிக்கொண்டு போனாள், உன் நல்லதுக்குத்தான் அண்ணி என்கிறாள், நான் நம்பவில்லை.

கல்யாணத்தன்று யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லுக்குச் சொல் சொல்வேன், இன்று காலை மாத்திரை போட்டேனா தெரியவில்லை. பயமாயிருக்கிறது லியூபா. நீ ஒன்பது வருஷமாக அங்கே யாரோ ஒருத்தியின் அம்மாவைக் குளிப்பாட்டி ஊட்டிவிடுகிறாய், அந்தக் கிழவிக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததா, எழுது. இல்லை, எழுதாதே, புறப்பட்டு வா. திராட்சை அறுப்புக்கு வருகிறேன் என்றாயே, அதுவரை முடியாது. உனக்கு உயிரோடேயே பூசை வைத்த கை இது, நாளைக்கு என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது. உன்னை வைய எனக்குப் புத்தி இருக்கும்போதே வா. நீயும் பிரஷர் பார், உனக்கும் நாற்பத்தாறு ஆகிறது, அப்பா ரத்தமும் என் ரத்தமும்தானே உனக்குள் ஓடுகிறது.

கன்னித்தாய் உன் வழியெல்லாம் துணை வரட்டும், சோரினாவுக்கு என் முத்தம். ஒன்றை மறந்துவிடாதே. அந்தக் கிழவியின் பிள்ளைகள் வரும்போதெல்லாம், நான் யாரு சொல்லு, நான் யாரு சொல்லு என்று கேட்டு அவளை அழவைக்கிறார்கள் என்றாயே, என்னிடம் அப்படிக் கேட்காதே. வாசலில் நின்று, அம்மா, நான் லியூபா வந்திருக்கேன் என்று நீயே முதலில் சொல்லிவிடு.

உன் அம்மா
அகாஃபியா