ஐந்து சென்ட் வண்டு

விக்டோரியா,
மார்ச் 4

அன்பு ஓடீல்,

நலம்தானே? படகில் கருவாடும் சோப்பும் அனுப்பியிருக்கிறேன். நல்ல செய்தி ஒன்று. புது ஐந்து சென்ட் நாணயத்துக்கு உன் தீவு வண்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நீ வீட்டில் விட்டுப்போன நோட்டிலிருந்த படத்தைக் கொஞ்சம் சீர்செய்து என் பெயரில் கொடுத்தேன். புருஷன் பெண்டாட்டிக்குள் உன் பெயரென்ன, என் பெயரென்ன? விழாவுக்கு வந்து என் பக்கத்தில் நில். இங்கே பெட்டியில் இருக்கிற அந்த நீல உடுப்பைப் போட்டுக்கொள்.

உன் வில்ஃப்ரெட்


ஃப்ரெகேட் தீவு,
மார்ச் 11

மகா ஓவியர் அவர்களுக்கு,

கருவாடு வந்தது. கூடவே உங்கள் பேட்டி வந்த பத்திரிகையும். வண்டை உள்ளங்கையில் வைத்து வரைந்தீர்களாம். இதைத் தொட்டால் விரலில் ஊதாக் கறை பிடித்துக்கொள்ளும், லேசில் போகாது. போட்டோவில் உங்கள் விரல்கள் கல்யாண மாப்பிள்ளை விரல் மாதிரி சுத்தமாக இருக்கின்றன. படகுக்காரர் ஆன்டால் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரரு கையுறை மாட்டிக்கிட்டு வரைஞ்சாரோ?" என்று கேட்டார். வெட்கமாக இருந்தது.

ஆறு வருடமாக மரம் மரமாக ஏறி இவற்றை எண்ணுகிறேன். ஒரு தடவை நீங்கள் இங்கே கால் வைத்ததுண்டா? கடல் உங்கள் வயிற்றைப் புரட்டுமாம். என் பெயரைப் போடச் சொல்லுங்கள், வருகிறேன்.

ஓடீல்


விக்டோரியா,
மார்ச் 18

ஓடீல்,

ஒரு பூச்சிக்கு இத்தனை ரோஷமா? உன் படம் மண்ணாங்கட்டி மாதிரி இருந்தது. நான்தான் சிறகை விரித்துப் பறக்கவிட்டேன், நாணயத் தேர்வுக் குழு மயங்கியதே அதற்குத்தான். "பூச்சி எண்ணுறவளுக்கு வாயப் பாரு" என்கிறாள் அம்மா. இன்னும் ஒரு சடங்குதான் பாக்கி. யாரோ நிபுணரிடம் படத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்களாம். அதுவரை வாயை மூடிக்கொண்டிரு.

வில்ஃப்ரெட்


ஃப்ரெகேட் தீவு,
மார்ச் 25

வில்ஃப்ரெட்,

அந்த யாரோ நான்தான். இந்த வண்டைத் தெரிந்தவர் வேறு யார் இருக்கிறார்? நேற்று குழுவின் உறை வந்தது. உள்ளே உன் படம்.

அது பறக்காத வண்டு. முதுகு ஓடு இரண்டும் ஒட்டியே இருக்கும், விரியாது. என் படத்துக்கு அடியிலேயே எழுதியிருந்தேனே. திருடியவன் அதையாவது படித்திருக்கலாம். உன்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை, அருவருப்பாக இருக்கிறது.

குழுவுக்கு ஒரு வரிதான் எழுதினேன்: 'இப்படி ஓர் உயிரினம் இந்தத் தீவில் இல்லை.' அந்த நோட்டுப் பக்கத்துக்கு நான் முன்பே எடுத்துவைத்திருந்த பிரதியையும் கூட வைத்தேன். கீழே என் அப்பா வீட்டுப் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். இனி எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான்.

நீல உடுப்பை உன் அம்மாவுக்குக் கொடுத்துவிடு. விழாவுக்கு அவள் வந்து நிற்கட்டும்.

ஓடீல் லாபிஷ்