நான்காவது படத்தில் ஒரு கை

பாப்பா அம்மாவுக்கு,

உன் அக்கா வீட்டில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பாப்பா அறைக் கதவை நான் இன்னும் திறக்கவில்லை.

அணைகளைப் பற்றிய தொகுப்பு நூலுக்கு என் அத்தியாயத்தை ஒருவழியாக முடித்து அனுப்பிவிட்டேன். வினை நான்காவது படத்தில் வந்தது. அணைச் சுவரில் விழுந்த விரிசலின் அளவு தெரியட்டும் என்று போன வருஷம் பாப்பாவைப் பக்கத்தில் கை வைக்கச் சொன்னேனே, அந்தப் படம்.

தொகுப்பாசிரியர் போனில் சிரித்தார். “சார், பிள்ளைங்க கை வளர்ந்துகிட்டே இருக்குமே, அதை வச்சு எப்படி அளக்கிறது? ஸ்கேல் வச்சு வேற படம் எடுத்து அனுப்புங்க.”

அவர் மேல் தப்பில்லை; அவருக்கு யார் சொன்னார்கள்? பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியவன், அந்தக் கை இனி வளராது என்று சொல்ல வாய் வராமல், “சரிங்க சார்” என்று வைத்துவிட்டேன்.

பாப்பா அப்பா