வியாழக்கிழமைப் பலகாரம்

காடாம்புலியூர்
30.11.2013

அன்புள்ள தமயந்திக்கு,

நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறீர்கள்? எனக்குப் போனில் பேச்சு வராது. அதனால் இதுவும் கடிதம்தான்.

நீ அங்கே ஒடிசாவில் பக்கத்து வீட்டில் கேட்டு, தமிழ் எழுத்தில் அனுப்பிய இருபது ஒரியாச் சொற்களும் நன்றாக வேலை செய்கின்றன. ‘உட்கார்’ என்றால் பிள்ளைகள் சிரித்துவிட்டு உட்காருகிறார்கள். நெய்வேலியில் புது அனல்மின் நிலையம் கட்ட ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், இருபத்திரண்டு பேர். தகரக் கொட்டகையில் அவர்களுக்கான அரசுப் படிப்பு மையம். கான்ட்ராக்டில் நான் ஒருத்திதான் டீச்சர். ஜனவரியில் ஒரியா ஆசிரியரும் புத்தகங்களும் வரும் என்கிறார்கள்.

வியாழக்கிழமை ஒரு பிள்ளையும் வரவில்லை. கூப்பிடப் போனேன். சபிதா வீட்டு வாசலில் மாவால் சின்னச் சின்னப் பாதங்கள் வரைந்திருந்தார்கள். போகும்போதெல்லாம் எனக்கு டீ போட்டுத் தருகிறவள் அவள். அவள் மகள் குனி ஒரு பலகாரத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். சபிதா ஓடிவந்து அதைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள்.

அம்மாவிடம் சொன்னேன். “நீ படிச்சிட்டா எல்லாம் மாறிடுமா? அவுங்க வூட்டு வாசல்ல எதுக்குடி போயி நின்னுகினு இருந்த?” என்றாள்.

மறுநாள் மாவட்டத்துக்கு அனுப்பும் படிவத்தில், ‘பெற்றோர் ஒத்துழைப்பு’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன்
மணிமொழி


அங்குல், ஒடிசா
9.12.2013

என் மணி,

படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். இந்த மாதம் வியாழக்கிழமைதோறும் இவர்களுக்கு லட்சுமி பூஜை. படைத்ததை வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் தருவார்கள். வெளியே போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாளாம். கல்யாணமாகிப் போன மகளுக்குக்கூடக் கிடையாது. பக்கத்து வீட்டு அம்மா எனக்கும் தரவில்லை. வாசனை மட்டும் வந்தது! இன்னொன்று கேள். அன்றைக்கு அவர்கள் சொல்லும் கதையில், லட்சுமி ஊருக்கு வெளியே இருக்கிற தெருக்கூட்டும் பெண்ணின் வீட்டுக்குத்தான் போகிறாள்.

எல்லாவற்றையும் அவமானமாகவே எடுத்துக்கொள்ளாதே. எங்கள் வீட்டில் உன்னை யாராவது அப்படி நடத்தினோமா? முதலில் படிவத்தை மாற்றிக் கொடு.

உனக்காகச் சொல் கேட்கப் போய்ப் போய் இங்கே எனக்கு நிறையப் பேர் பழக்கமாகிவிட்டார்கள். சாயங்காலம் வீட்டில் இருப்பதே இல்லை. அதனால் பதில் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதே.

தமயந்தி


காடாம்புலியூர்
20.12.2013

அன்புள்ள தமயந்திக்கு,

உன் கடிதம் கிடைத்த மறுநாளே கடலூர் மாவட்ட அலுவலகத்துக்கு பஸ் ஏறினேன். பேசத் தெரியாத நான் அரை மணி நேரம் பேசினேன். “நீங்கதானம்மா எழுதியிருக்கீங்க? உங்க கையெழுத்துதான இது?” என்றார் அங்கிருந்தவர். நான் எழுதிய ‘இல்லை’யை வைத்து ஒரியா ஆசிரியரை வேறு இடத்துக்கு ஒதுக்கியாகிவிட்டதாம். மையம் இந்த மாதத்தோடு முடிகிறது.

சபிதாவிடம் போனேன். “டீச்சர் வீட்டுக்கு ஏன் வரலே? குனி அழுவுது” என்று தனக்குத் தெரிந்த நாலு வார்த்தைத் தமிழில் கேட்டு டீயை நீட்டினாள். அவர்கள் வீட்டில் எல்லோரும் குடிக்கிற தம்ளர். மையம் மூடுவது என்னால்தான் என்று சொல்ல அவள் மொழியில் எனக்கு வார்த்தை இல்லை. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ கேட்டிருந்தாய். கல்லூரி நாட்களில் நெய்வேலி பதினாறாம் பிளாக்கில் உங்கள் குவார்ட்டர்ஸுக்கு மூன்று வருடம் வந்தேன். எனக்கு எப்போதும் விளிம்பு நெளிந்த அந்த நீல பிளாஸ்டிக் தம்ளர். அது சமையலறை அலமாரியில் இருக்காது. தோட்டத்துக் குழாய்க்கு மேலே ஜன்னலில் இருக்கும். ஒவ்வொரு முறையும் நீதான் எடுத்துவருவாய். அது எந்த மாதத்து விரதம், தமயந்தி?

சபிதா பிடுங்கியபோது எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்தது. அவள்மேல் ஒரு தப்பும் இல்லை.

மணிமொழி


காடாம்புலியூர்
19.1.2014

அன்புள்ள தமயந்திக்கு,

பொங்கலுக்கு உன் வாழ்த்து வரவில்லை. தபாலில் தவறியிருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

மையத்துச் சாவியைக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் பகலெல்லாம் ஜல்லிக் குவியல் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சபிதா வீட்டுக்குப் போகிறேன். ஐந்தாறு பேர் வருகிறார்கள். அந்த இருபது சொற்களும் தீர்ந்ததும் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். வேலை முடிந்தால் அவர்களும் போய்விடுவார்கள்.

நீலத் தம்ளரைப் பற்றி நீ ஒன்றும் எழுத வேண்டாம். பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டு அனுப்பு. ‘தப்பு என்னுடையது’ என்பதை எப்படிச் சொல்வார்கள்? சபிதாவிடம் சொல்ல வேண்டும்.

தமிழ் எழுத்தில், உன் கையால் எழுதினால் போதும்.

மணிமொழி