விசிறியில் சிக்கிய நூல்

14 அக்டோபர் 2006, சனி

இன்றும் கொம்பியூட்டர் அப்படியே நின்றுபோனது. மவுஸ்கூட அசையவில்லை. மகள் செல்வி தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட வேலைக்கு விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவையும் எல்லாம் போயிற்று.

"கேம் விளையாடியே கெடுத்துட்ட!" என்று கத்தினேன்.

"நான் விளையாடவே இல்லப்பா."

நான் நம்பவில்லை. யட்டியாந்தோட்டை டவுனுக்குத் தூக்கிப்போய்த் திருத்தக் கொடுக்கலாமென்றால் விடாத மழை. எரிச்சலில் நானே பெட்டியைக் கழற்றினேன். பின்பக்க விசிறி சுற்றாமல் உள்ளே சூடேறித்தான் நின்றுபோயிருக்கிறது. காய்ந்த செவ்வந்தி இதழோடு ஒரு நூல் அதை இறுக்கியிருந்தது. சரஸ்வதி பூஜையன்று பெட்டிக்கு மாலை போட்டது நான்தான்.

நூலை அறுத்தெடுத்தேன். "இப்ப அடிம்மா, நிக்காது."

"வேணாம்ப்பா. கையாலயே எழுதிட்டேன்."

என்ன கோளாறு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நூல் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.