பகலில் கூப்பிடுகிறாராம்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்தே புகை. பால்கனியில் நின்றால் எதிர் பிளாக் தெரியவில்லை. துணி உலர்த்தவில்லை. தொண்டை கரகர.

வாங்க: டயபர் (பெரிய சைஸ்), ஸ்ட்ரா, ஃபிட்ஸ் மாத்திரை, முன்பக்கம் திறக்கிற சட்டை, கொத்தமல்லி.

மத்தியானம் வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டரம்மா. அதற்காக அரை நாள் லீவு. என் வீட்டுக்காரர் கண்ணில் டார்ச் அடித்தார், காலைத் தட்டினார், நெற்றியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு மூளையில் இடது பக்கம் கட்டி. ஆபரேஷன் செய்தாயிற்று, ரேடியேஷன் கரண்ட் வைத்தாயிற்று, திரும்ப வளர்ந்தும் ஆயிற்று. இனி வைத்தியம் கிடையாது, கஷ்டப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் கைகழுவிவிட்டார்கள். பேச்சு தீபாவளிக்கு முன்பே குழம்பிவிட்டது. செக்‌ஷன் முழுவதையும் ஆபீஸில் ஹிந்தியில் மேய்த்த மனுஷன். முதலில் இங்கிலீஷ் போனது, பிறகு ஹிந்தி. இப்போது எப்போதாவது தமிழில் ஒற்றைச் சொல்.

டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி. வலி இருக்கிறதா? நெற்றியைச் சுருக்குகிறாரே என்றார். இவரிடம் கேட்டால் ஆமாவுக்கும் இல்லைக்கும் ஒரே தலையாட்டல். "நீங்கள்தான் மனைவி, நீங்கள்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்." வலி என்றால் மார்ஃபின். ஆரம்பித்தால் தூக்கம் கூடும், இருக்கிற பேச்சும் போகலாம். மாத்திரை அட்டையை மேஜையில் வைத்து, ஃபோனில் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள் என்று போய்விட்டார்.

நான் எப்படிக் கண்டுபிடிக்க? நான் என்ன மந்திரக்காரியா?

நவம்பர் 11, செவ்வாய்

மெட்ரோவில் நசுங்கல். ஆபீஸில் ஒரு ஃபைலும் நகரவில்லை. மனசு வீட்டிலேயே.

சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள் புஷ்பா வாசலுக்கு ஓடி வந்தாள். பகலில் இவரைப் பார்த்துக்கொள்கிற பெண், பீகார்க்காரி, போன வாரம்தான் சேர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தீதி, பையா ஆப்கா நாம் லே ரஹே தே! பூரா தின்! வல்லி, வல்லி!"

பையா என்றால் இவர். என் பேரைச் சொன்னாராம். நாள் பூராவுமாம்.

வல்லி இல்லை, வள்ளி. ஆனால் டில்லியில் யாருக்கு நாக்கு மடங்குகிறது? பக்கத்து ஃபிளாட் அம்மாளுக்கு வல்லிஜி, ஆபீஸ் பியூனுக்கு வல்லி மேடம். பெற்ற மகளுக்கே மடங்காது.

இவர் வாயால் என் பேரை நான் கேட்டதே இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து "ஏளா"தான். திருநெல்வேலியை விட்டு வந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதே "ஏளா". பேங்கில் மனைவி பெயர் என்ன என்று கேட்டபோதுகூட என் பக்கம் திரும்பி, "சொல்லு" என்றாரே தவிர, தான் சொல்லவில்லை. என்ன வெட்கமோ, என்ன வீம்போ.

கட்டிலில் உட்கார்ந்து, "ஏங்க, பகல்ல என்னையத் தேடினீகளாமே?" என்றேன். கண் சீலிங்கில். சாயங்காலமானால் இப்படித்தான், அசந்து கிடக்கிறார். குளிப்பாட்டும்போதும் புரட்டிப் போடும்போதும்தான் அதிகம் கூப்பிடுகிறாராம். அதற்குள் நான் கிளம்பிவிடுகிறேனே, பாவி.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

நவம்பர் 12, புதன்

காவ்யாவுடன் சண்டை. காலேஜுக்கு மத்தியானம் போனால் போதுமென்று காலையில் வீட்டில் இருந்தாளாம்.

"மம்மி, நானும் கேட்டேன். பாபா உன்னதான் கூப்பிடறார். லேகின் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு. டாக்டர் சொன்ன டேப்லட் ஸ்டார்ட் பண்ணு, ப்ளீஸ்."

"அதப் போட்டா பேச்சு போயிரும்டி."

"தோ க்யா? பேசி என்ன ஆகப்போகுது?"

என்ன ஆகப்போகிறதாம்! அடித்திருப்பேன். இவளுக்கு என்ன தெரியும், ஒரு மனுஷன் கடைசியில் எல்லா வார்த்தையும் தொலைத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதன் அருமை. அந்த ஒன்றையும் மாத்திரை போட்டு நானே அழிக்க வேண்டுமா? மாட்டேன்.

டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டேன். வலி ஒன்றும் தெரியவில்லை, நன்றாகக் கூப்பிடுகிறார், மாத்திரை இப்போது வேண்டாம். "அச்சா, கவனமாகப் பாருங்கள்" என்றார்.

வரும் வழியில் கோயில் வாசலில் மல்லிகை. டில்லிக் குளிரில் வாடல் பூ, யானை விலை. வாங்கி வைத்துக்கொண்டேன். பட்டுப் புடவை ஒன்றுதான் பாக்கி. பைத்தியம்.

புஷ்பாவிடம் சொல்லியிருக்கிறேன், நாளை இவர் கூப்பிடுவதை ஃபோனில் பதிந்து வை என்று. பிற்பாடு எனக்கு வேண்டும். பிற்பாடு என்று எழுதவே கை கூசுகிறது.

நவம்பர் 13, வியாழன்

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

புஷ்பா மத்தியானமே அனுப்பிவிட்டாள். ஆபீஸில் கேட்கக் கூடாது, எல்லார் முன்னாலும் அழுதுவிடுவேன் என்று வைத்திருந்தேன். திரும்பும்போது மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. காதில் இயர்போன். முதலில் தண்ணீர்ச் சத்தம். கட்டில் கிரீச். புஷ்பா, "பஸ் பையா, ஹோ கயா, ஹோ கயா," ஆயிற்று, ஆயிற்று என்று குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரல்.

அப்புறம் இவர்.

வலி.

ள இல்லை. அழுத்தமும் இல்லை. குட்டி ல ஒன்று. வலி. திரும்பப் போட்டேன். வலி, வலி. திரும்பவும் போட்டேன். ஒரு தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு, "தல... வலி."

வெளியே ஆறு போய்க்கொண்டிருந்தது. பக்கத்துப் பெண் என்னைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டாள். நான் சத்தம் போட்டிருக்கிறேன் போல. யமுனா பேங்க் ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை. பிளாட்ஃபாரத்தில் நின்றுகொண்டு டாக்டரம்மாவுக்கு ஃபோன். வார்த்தை கோர்வையாக வரவில்லை. புரிந்துகொண்டார். உடனே கொடுங்கள் என்றார். காவ்யாவுக்கு ஃபோன்: "அந்த அட்டையப் பிரி. நசுக்கி, தேன்ல குழைச்சுக் குடு. ஜல்தி."

"க்யா ஹுவா மம்மி?"

"உங்கப்பா என்னையக் கூப்பிடலடி. வலிக்குன்னு சொல்லியிருக்காக."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாதான் கேட்டுது," என்று அழ ஆரம்பித்தாள். அவளைச் சொல்லி என்ன? டில்லியில் பிறந்த பிள்ளை. ஆமாம், தமிழ் பேசுகிற நான் எங்கே போனேன்?

மனுஷன் கட்டிலில் கிடந்து வலி வலி என்று கத்தியிருக்கிறார். நான் தலையில் பூ வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். வலி இல்லை என்று டாக்டருக்கு ஃபோன் வேறு. என்னை எதால் அடிப்பது?

நவம்பர் 14, வெள்ளி

லீவு சொல்லிவிட்டேன். எத்தனை நாள் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன்.

நேற்றிலிருந்து மாத்திரை. தூங்குகிறார். நெற்றி விரிந்திருக்கிறது. இத்தனை நாள் அந்தச் சுருக்கத்தை வயசு என்று நினைத்திருந்தேன்.

குளிப்பாட்ட நானும் புஷ்பாவும். புரட்டினோம், சத்தமில்லை. முதுகு துடைத்தோம், சத்தமில்லை. எனக்கு உயிர் வந்தது. புஷ்பாவுக்கு முகம் வாடிவிட்டது. நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, இவர் காதருகே குனிந்து, கன்னத்தைத் தட்டி, என் பேரைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சினாள்: "பையா, தீதி ஆயீ ஹைன். போலோ, வல்லி! போலோ நா, வல்லி!"

"மத் புல்வாவோ!" என்று கத்திவிட்டேன். சொல்ல வைக்காதே.

பக்கெட்டைப் போட்டுவிட்டு மூலையில் ஒதுங்கினாள். பாவம், நல்லதுக்குத்தானே செய்தாள். கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். காரணம் சொல்லவில்லை. தினமும் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தவள் அவள். சொன்னால் தாங்க மாட்டாள். நானே தாங்கவில்லை.

பருப்பு தீர்ந்துவிட்டது. வென்னீர்ப் பை ஓட்டை.

நவம்பர் 15, சனி

தூக்கம். ரெண்டு ஸ்பூன் கஞ்சி. ஒன்று இறங்கியது, ஒன்று வழிந்தது.

டாக்டரம்மா வந்தார். நான் அழுததைப் பார்த்துத் தண்ணீர் கொடுத்தார். என் வீட்டில் எனக்கே. அடுத்த வேளைக்கு முன்னால் வலித்தால் நடுவில் அரை மாத்திரை கொடுக்கலாம், பயப்பட வேண்டாம், ஆனால் தூக்கம் இன்னும் ஆழமாகும் என்றார். முழித்துப் பார்ப்பதே குறைந்துவிடுமா என்று கேட்டேன். குறையும் என்றார். நேராகச் சொல்கிறவர், அது ஒரு புண்ணியம்.

காவ்யா இன்று முழுக்க அப்பா காலைப் பிடித்துவிட்டாள். தமிழ் எழுத்து யூட்யூபில் பார்க்கிறாள். ல, ள, ழ. இப்போது. போகட்டும், பிள்ளையை வையக் கூடாது.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில் கொஞ்சம். ஜன்னல் திரையை விலக்கினேன்.

பத்து மணி வாக்கில் முழித்தார். வெறும் முழிப்பு இல்லை, என்னைப் பார்த்தார். சீலிங்கை இல்லை, என்னை. உதடு காய்ந்திருந்தது, பஞ்சால் நனைத்தேன். வாயைத் திறந்தார்.

"வ... ல்..."

நாக்கு தடித்துவிட்டது, எழும்பவில்லை. திரும்பவும் முயன்றார். வலியா, வள்ளியா? குனிந்து காதை வாயிலேயே வைத்தேன். "என்னங்க? வலிக்கா? இல்ல, என்னையவா?" தலையாட்டினார். எதற்கு? நெற்றியில் சுருக்கம் இருக்கிற மாதிரியும் இருந்தது, வெயிலுக்குக் கண் கூசுகிற மாதிரியும் இருந்தது. திரையை மூடினேன். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. திறந்தேன். அதே பார்வை.

"வல்... லி."

காவ்யா அரை மாத்திரையை நசுக்கிக்கொண்டு நின்றாள். "மம்மி, இது உன் பேரா இருந்தா? கொடுத்தா தூங்கிடுவாரே."

தெரியும். கொடுத்தால் இந்தப் பார்வை போய்விடும். திரும்ப வருமோ வராதோ. ஐயோ, ஒரே ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்க்கலாமா என்று இருந்தது. பொறுக்கிறது நான் இல்லையே, இவர்.

பேராக இருந்தாலும் இனி வலி என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

கொடுத்தேன். தேன் கடைவாயில் வழிந்தது, துடைத்தேன். மருந்து பிடிக்கிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.