செல்லம்மாளின் மோதிர விரல்

1953 ஜூலை 6, திங்கள்

விடியலிலிருந்து மழை. குடைக் கம்பி ஒடிந்து, பாதி நனைந்து ஆஸ்பத்திரிக்கு.

பெண்கள் ஓ.பி.யில் செல்லம்மாள். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடைக்காரர் மனைவி. இடது மோதிர விரல் நுனியில் வலி, பல வருஷமாக. வீக்கம் இல்லை, புண் இல்லை.

"பச்சத் தண்ணி பட்டா உயிரு போவுது டாக்டரம்மா. வீட்டுல எல்லாரும் நடிப்புங்காவ."

கணவர் மறுக்கவில்லை. "பாத்திரம் தேய்க்க மடி, சோம்பேறித்தனம். அவ்வளவுதான்."

அவரை வெளியே நிற்கச் சொன்னேன். குண்டூசித் தலையால் நகத்தின் மேல் இடம் இடமாக அழுத்தினேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. ஓரிடத்தில் மட்டும் அலறிக் கையை இழுத்துக்கொண்டாள். கண்ணை மூடச் சொல்லி மறுபடி. அதே புள்ளி. நகத்தடியில் லேசான நீலம்.

குளோமஸ் கட்டி. நுண்ணிய ரத்தக் குழாய்களின் முடிச்சு. ஆபத்தில்லாதது, வலி மட்டும் பொல்லாதது. புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். இருந்தும் சந்தேகமில்லை.

ஜூலை 7, செவ்வாய்

மலையாளி சர்ஜன் சிரித்தார். "போன வருஷம் நகம் எடுத்துப் பார்த்ததல்லே. ஒண்ணும் கண்டில்ல. இது மனசோட சூக்கேடு, வியாதி."

"நகத்தோட நிறுத்திட்டாங்க சார். அடியில இருக்கிற தோலைத் திறக்கணும்."

"ஒண்ணும் இல்லேன்னா?"

"எம்பேர்ல எழுதிக்கோங்க."

வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்.

செல்லம்மாளிடம் சொன்னேன். அவளும் அதையே கேட்டாள். பிறகு அவளே, "இல்லேன்னா சாவுற வரைக்கும் நான் நடிக்கிறவதான்."

மண்ணெண்ணெய் தீர்ந்தது. ராத்திரிக்குப் பழம்.

ஜூலை 9, வியாழன்

விரல் மரக்க ஊசி. நகம் எடுத்து, நான் காட்டிய இடத்தில் சர்ஜன் கீறினார். கடுகைவிடச் சற்றுப் பெரிய, சிவந்த உருண்டை.

"பாக்கி நீங்க தன்னே எடுக்கணும்" என்று கத்தியை நீட்டினார்.

சிதறாமல் முழுசாக எடுத்தேன்.

குப்பியில் போட்டுச் செல்லம்மாளிடம் காட்டினேன். "இம்புட்டுதானா?" அழுகை. கணவரைக் கூப்பிடச் சொன்னாள். அவர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மனைவி முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

வெயில். சேலைகள் காய்ந்தன.

பரிசோதனை ரிப்போர்ட் வந்தது: குளோமஸ்தான். சர்ஜன் மாணவர்களிடம் என் பெயரைச் சொன்னாராம். சந்தோஷம், மறைக்க வேண்டியதில்லை.

செல்லம்மாளுக்குக் கட்டு மாற்றினேன். நன்றாகத் தூங்குகிறாள். "இப்பம் சாலை வீட்டுக்குப் போவல. கோட்டாத்துல அக்கா வீட்டுல இருக்கப் போறேன்."

வராந்தாவில் கணவர் நிறுத்தினார். "எப்பம் வருவான்னு நீங்க ஒரு வார்த்த கேளுங்க, டாக்டரம்மா."

"அத நீங்கதான் கேக்கணும்" என்றேன்.

அவளிருந்த அறைக்குள் போகாமல் நின்றார். ஓ.பி.யில் கூட்டம். அடுத்தவளைக் கூப்பிட்டேன்.